குளிரும் வியர்வையும் ஒரு கம்பளி மெத்தையும்

அக்குறணை நகரத்தில் மெத்தை என்றால் நளீருடைய கடைதான். கட்டிலும் அலுமாரியும் வாங்கக் கண்டிக்குப் போகிற கலியாண வீட்டுக்காரர்கள்கூட மெத்தைக்கு அவரிடம்தான் வருவார்கள். ஆளை உட்கார வைத்து, எந்தப் பக்கம் சரிந்து படுப்பீர்கள், காலையில் எழும்பும்போது எங்கே வலிக்கும் என்றெல்லாம் விசாரித்து, அதற்குப் பிறகுதான் மெத்தையைக் காட்டுவார். அப்படிப்பட்ட மனிதருக்குக் கலியாணம் முடித்த கையோடு சொந்தக் கட்டிலில் தூக்கம் இல்லாமல் போனது.

கலியாணம் அவருக்கு இரண்டாவது. முதல் மனைவி மௌத்தாகி வெகு காலம். ஒரே மகள் ஷஹ்மா கலகெதரைக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதிலிருந்து அந்தப் பெரிய வீட்டில் அவர் தனியாகத்தான் சமைத்து, தனியாகத்தான் சாப்பிட்டு வந்தார். ஷஹ்மாதான் ஒற்றைக்காலில் நின்று பெண் பார்த்தாள். பெண்ணின் பெயர் கைரியா. வத்தேகமப் பக்கத்தில் அரசாங்க மிருக வைத்தியர். படிப்பு, வேலை, படுக்கையில் கிடந்த உம்மாவைப் பார்த்தது என்று வருடங்கள் ஓடி, அவளுக்கும் ஐம்பது நெருங்கியிருந்தது. முதன்முதல் இருவரும் சந்தித்த அன்று ஒரு பசுவுக்குப் பிரசவம் பார்த்துவிட்டு நேரே வந்திருந்தாள். சப்பாத்தில் சாணம். "மன்னிச்சுக்கோங்க, கன்று குறுக்கால நிண்டுச்சு" என்றாள். "கன்று சுகமா?" என்று கேட்டார் நளீர். அந்தக் கேள்வியிலேயே பாதிக் கலியாணம் முடிந்துவிட்டது என்று பிற்பாடு கைரியா சொல்வதுண்டு.

பகலெல்லாம் இருவருக்கும் நன்றாகவே பொருந்திப் போனது. இரவில்தான் வில்லங்கம்.

நளீருக்கு வியர்க்கும். சாதாரணமாக அல்ல, குளித்துவிட்டு வந்தவர் மாதிரி வியர்க்கும். தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் சுற்றினால்தான் அவருக்குக் கண் மூடும். கைரியாவுக்கோ குளிர். மார்கழி மாதத்துக் கண்டிக் குளிர் என்றில்லை, சித்திரை வெயிலிலும் அவள் பாதங்கள் ஐஸ் கட்டியாக இருக்கும். காலுறை, ஸ்வெட்டர், தலையைச் சுற்றி ஒரு சால்வை என்று எல்லாம் போட்டுக்கொண்டு படுப்பாள். முதல் வாரம் இருவரும் மரியாதைக்கு ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இந்தக் காத்தாடியக் கொஞ்சம் குறைக்க ஏலுமா?"

"குறைக்கிறேன். ஒண்டும் பிரச்சினை இல்ல" என்று குறைத்துவிட்டு, விடியும்வரை வியர்வையில் மிதந்தார் நளீர். அடுத்த நாள் அவருக்காக அவள் அதைக் கூட்டிவிட்டு, விடியும்வரை பல் கிட்டித்துக் கிடந்தாள். வெளிநாட்டுத் தடித்த போர்வை ஒன்றை வாங்கி வந்தார். நைலோன் போர்வை. அதற்குள் அவள்கூட வெந்துபோய், நனைந்து, பிறகு அந்த ஈரத்திலேயே நடுங்கினாள். கடையிலிருந்து ஆக விலை கூடிய ஸ்பொஞ்ச் மெத்தையைக் கொண்டுவந்து போட்டார். அது இறக்கி வைத்த சோற்றுச் சட்டி மாதிரி அவர் உடம்புச் சூட்டை எல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு திருப்பி அவருக்கே கொடுத்தது.

கடைசியில் கைரியா தலையணையைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். கோபத்தில் இல்லை. "நீங்க நல்லாப் படுங்க, நானும் நல்லாப் படுக்கிறேன். காலையில சந்திப்போம்" என்று சிரித்தபடிதான் போனாள். ஆனால் நளீருக்கு அது என்னவோ செய்தது. இத்தனை வருடத்துத் தனிமைக்குப் பிறகு ஒரு துணை கிடைத்து, அந்தத் துணை சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவதைக் கேட்டுக்கொண்டு படுப்பதா?

இதற்கிடையில் ஒரு வெள்ளிக்கிழமை ஷஹ்மா வந்தாள். வந்தவள் துணி மடித்து வைக்க அடுத்த அறைக்குள் போய், விரித்திருந்த கட்டிலையும் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த கைரியாவின் மூக்குக் கண்ணாடியையும் பார்த்துவிட்டாள். நேரே வாப்பாவிடம் வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"வாப்பா, கைரியா மாமியோட சண்டையா?"

"சே, அப்படி ஒண்டும் இல்ல."

"அப்ப ஏன் வேற ரூம்?"

மகளிடம் இதை எப்படி விளக்குவது? "காத்தாடி" என்றார் நளீர்.  ஷஹ்மா நம்பவில்லை. தான் கட்டிவைத்த கலியாணம் இப்படி ஆகிவிட்டதே என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கலகெதர பஸ் ஏறினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கைரியாவுக்கு வத்தேகமவுக்கு மேலே ஒரு பண்ணையில் வேலை இருந்தது. அதன் சொந்தக்காரர் பாலேந்திரன், யாழ்ப்பாணத்துக்காரர், நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்து பென்ஷன் எடுத்தவர். பிள்ளைகள் வெளிநாட்டுக்குக் கூப்பிட்டும் போகாமல், மலைச்சரிவில் காணி வாங்கி, சுற்றுலாக்காரர் தங்க இரண்டு அறையும் கட்டி, அடர்த்தியான உரோமமுள்ள செம்மறிகளை வளர்த்துக்கொண்டிருந்தார். "தனியப் போகச் சோம்பலா ஈக்கு. நீங்களும் வாங்களேன்" என்று கைரியா கேட்டாள். நளீர் வேனை எடுத்தார்.

மேலே தூறல். செம்மறிகள் நனைந்து, நீர்த்துளிகள் கோத்த முதுகோடு பட்டிக்குள் நின்றன. அன்றைக்கு உரோமம் கத்தரிக்கிற நாள். ஆடுகளைப் பார்க்க வந்த கைரியாவும் ஒரு கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள். ஆட்டைப் பிடிக்க ஆள் போதவில்லை என்று கைரியா கூப்பிட, நளீர் சேட்டுக் கையை மடித்துவிட்டுப் போய் ஒரு கிடாயின் விலாவில் கையை வைத்தார். வைத்த கை உள்ளே போய்க்கொண்டே இருந்தது. மேலே ஈரம். விரலளவு உள்ளே போனால் ஈரமே இல்லை. நன்றாகக் காய்ந்திருந்தது. இதமான சூடு. வெந்நீர்ப் போத்தல் சூடு அல்ல, பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் வருமே, அந்தச் சூடு. கையை அழுத்தினார். உரோமம் அமுங்கியது. விட்டார். திரும்ப எழும்பியது.

காலமெல்லாம் மெத்தையை அழுத்தி அழுத்தி விட்டுப் பார்த்த கை அது. மறுபடியும் அழுத்தி விட்டுப் பார்த்தார்.

"கைரியா, இந்த ஆடு வெயில் நேரத்தில வியர்த்துப் போகாதா?"

"அதுக்கு இந்த உரோமம்தான் குடையும் போர்வையும். ஈரத்த உள்ளுக்க வாங்கிக்கிட்டு வெளிய விட்டுரும். உடம்பு நனையாது." கத்தரிக்கோலை நிறுத்தாமலே சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அவரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கிடாய் நடுவில் நின்று கத்தியது.

"பாலேந்திரன் ஐயா, இந்த உரோமத்த என்ன செய்வீங்க?" என்று நளீர் கேட்டார்.

"என்னத்தைச் செய்யிறது முதலாளி? ஆரும் வாங்க மாட்டினம். கிடங்கு வெட்டித் தாட்டுப்போடுறன். தேசி மரத்துக்கு நல்ல பசளை."

"தாட்டுப்போட வேணாம். நான் கொண்டுபோறேன்."

"உதையோ? உது மணக்குமெல்லே!"

மணக்கத்தான் செய்தது. மூட்டைகளை ஏற்றிக்கொண்டு மலை இறங்குகையில் வேன் முழுக்க ஆட்டுப்பட்டி வாசம். கைரியாவுக்குப் பழகின வாசம். நளீர் இரண்டு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, தலையை வெளியே நீட்டி நீட்டி ஓட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் அவசரப்பட்டுவிட்டார். கைரியா வேலைக்குப் போயிருந்த நேரம், ஒரு மூட்டையை அப்படியே வொஷிங் மெஷினுக்குள் திணித்து, கொதிதண்ணீரும் சவர்க்காரத் தூளும் போட்டுச் சுற்றவிட்டார். திறந்து பார்த்தால் உரோமத்தைக் காணோம். வாசலில் போடுகிற கால்மிதி மாதிரி, வெட்டினால்கூட வெட்டுப்படாத ஒரு கட்டிப் பலகை கிடந்தது. மாலையில் கைரியா வந்ததும் குற்றவாளி மாதிரி அதை எடுத்துக்காட்டினார்.

அவள் அதைத் தட்டிப் பார்த்தாள். டொக் டொக் என்று சத்தம் வந்தது. சிரிக்கத் தொடங்கினாள். நின்று சிரிக்க முடியாமல் கதிரையைப் பிடித்தாள், கதிரையும் போதாமல் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். "இதுல படுத்தா... இதுல படுத்தா இடுப்பு வலி மாறும்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. அவள் இப்படிச் சிரித்து நளீர் அதுவரை பார்த்ததில்லை. இன்னொரு மூட்டையையும் கெடுத்தால் என்ன என்றுகூட அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

பிறகு இருவரும் சேர்ந்து செய்தார்கள். வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம், தேய்க்காமல் கசக்காமல் அமிழ்த்தி அமிழ்த்தி எடுப்பது. தண்ணீர் முதலில் பிளேன்டீ நிறத்தில் வந்தது, பிறகு வெளுத்தது. உரோமத்திலிருந்த எண்ணெய்ப் பசையில் நளீரின் கைகள் சின்னப் பிள்ளையின் கைகளாக மெத்தென்று ஆகிவிட்டன. கடையில் வேலை செய்து, முதலாளியை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடும் ரிஸ்மி சில்லறை வாங்கும்போது அதைக் கவனித்துவிட்டு, "நானா, புதுசா என்ன க்ரீம் பூசுறீங்க?" என்று கேட்டான்.

கழுவியதை வீட்டின் மேல் சிலெப்பில், மொட்டைமாடித் தளத்தில், பாய் விரித்துக் காயப்போட்டார்கள். கண்டிப் பக்கத்துக் குரங்குகளை மறந்துபோனார்கள். ஒரு கூட்டமே இறங்கி வந்தது. கைரியா தும்புத்தடியோடு மேலே ஓடுவதற்குள் ஆளுக்கொரு கைப்பிடி அள்ளிக்கொண்டு பாய்ந்துவிட்டன. ஒன்று அதைத் தலையில் வைத்துப் பார்த்தது. ஒன்று தின்று பார்த்துத் துப்பியது. மற்றவை கிளைக்குக் கிளை பிய்த்தெறிந்து விளையாடின. பக்கத்து வீட்டு நஸ்லியா வாசலுக்கு வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"டொக்டர்! ஓடி வாங்க! எங்கட பலா மரத்தில ஆடு காய்ச்சீக்கு!"

தெருவே கூடிவிட்டது. வெள்ளை வெள்ளையாகத் தொங்கிய மரத்தைப் படம் எடுக்காதவர் இல்லை. மிச்சத்தை அள்ளிக்கொண்டு இறங்கி, மோட்டார் சைக்கிள் நிறுத்துகிற கொட்டிலில் வலை கட்டி, நிழலிலேயே காயவைத்தார்கள். காற்றோட்டம் இருந்ததால் நிழலிலும் சுறுக்கென்று காய்ந்தது.

ரிஸ்மிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. கடையில் இத்தனை கம்பனி மெத்தை இருக்க முதலாளி ஆட்டு உரோமத்தின் பின்னால் அலைகிறாரே என்ற கவலை. "நானா, பஞ்சு மாதிரி நெருப்புப் பத்தும். ராத்திரி பத்தவைக்கிற நுளம்புத்திரி ஒண்டு சரிஞ்சா போதும்" என்றான். நளீருக்கும் அந்தச் சந்தேகம் இருந்தது. கடைக்குப் பின்னால் கல்லின் மேல் ஒரு துண்டு ஸ்பொஞ்சையும் ஒரு பிடி கம்பளியையும் வைத்துத் தீக்குச்சி கிழித்தார். ஸ்பொஞ்ச் கறுத்து உருகி, சொட்டுச் சொட்டாக எரிந்து ஒழுகியது. கம்பளி சுருண்டது, முடி கருகின நாற்றம் வந்தது, குச்சியை எடுத்ததும் தானாகவே அணைந்துபோனது. ரிஸ்மி குனிந்து ஊதிக்கூடப் பார்த்தான். மறுபடி பிடிக்கவில்லை. 

காய்ந்த கம்பளியைப் பூப்போல ஆய்ந்து விரிக்க வேண்டும். அதுதான் பெரிய வேலை. ஒரு சனிக்கிழமை பின்னேரம் இருவரும் கூடத்தில் பாய் போட்டு உட்கார்ந்து, சிக்கெடுத்துக்கொண்டு, ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தபோது ஷஹ்மா வந்து கதவடியில் நின்றாள். சமாதானம் பேசுவதற்கென்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வாப்பாவின் தாடியில் கம்பளி. மாமியின் புருவத்தில் கம்பளி. இருவருக்கும் நடுவே கம்பளி மலை. அவர்கள் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"இது என்ன?" என்றாள் ஷஹ்மா.

"உங்கட வாப்பாவுக்கு வியர்க்குது, எனக்குக் குளிருது" என்றாள் கைரியா. "அதுக்குத்தான் இந்த வைத்தியம். வாங்க, நீங்களும் ஒரு பக்கம் பிடிங்க."

"அப்ப... உண்மையிலேயே காத்தாடிதானா?"

"காத்தாடியேதான் மகள்."

ஷஹ்மா கைப்பையை வீசிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். முதலில் அழுதாள், பிறகு தன்னையே நினைத்துச் சிரித்தாள், பிறகு மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்வரை மூவருமாக ஆய்ந்து தள்ளினார்கள்.

நளீர் பருத்தித் துணியில் உறை தைத்து, கம்பளியை அடுக்கடுக்காகப் பரப்பி, நீட்டு ஊசியால் இடைக்கிடை முடிச்சுப் போட்டு, கட்டிலளவுக்கு ஒரு மெத்தையும் அதே கம்பளியில் மெல்லிய போர்வையும் செய்தார். வெளியே கொண்டுபோய் இரண்டு நாள் காற்றாட விட்டார். மிச்சசொச்ச ஆட்டு வாசமும் போய், வெறும் துணி வாசம்தான் இருந்தது. அடுத்த வாரத்து ஞாயிறு இரவு கைரியா தலையணையோடு இந்த அறைக்குத் திரும்பி வந்தாள். முன்னேற்பாடாகக் காலுறையும் ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டுதான் வந்தாள். காத்தாடியை நடுத்தரமாக வைத்தார்கள்.

திங்கட்கிழமை சுபஹுக்கு எழும்பித் தொழுதுவிட்டு, கொஞ்சம் சாய்வோம் என்று சாய்ந்தவர்கள்தான். நளீர் கண் விழித்தபோது யன்னலில் நல்ல வெயில். உடம்பைத் தடவிப் பார்த்தார். காய்ந்திருந்தது. பனியன் காய்ந்திருந்தது. மெத்தையைத் தடவிப் பார்த்தார், அதுவும் காய்ந்திருந்தது. பக்கத்தில் கைரியா வாயைக் கொஞ்சம் திறந்தபடி நித்திரையில் கிடந்தாள். ஸ்வெட்டர் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. ஒரு காலுறை எப்போதோ கழன்று போர்வைக்கு வெளியே தொங்கியது. அவர் விரலால் அவள் பாதத்தை மெல்லத் தொட்டார். சுட்டது என்று சொல்ல முடியாது. ஆனால் குளிரவில்லை.

கைத்தொலைபேசி அலறியது. ரிஸ்மி.

"நானா, என்ன சுகமில்லையா? கடை வாசல்ல மூணு பேர் நிக்கிறாங்க. திறப்பு உங்கட கையிலதானே ஈக்கு!"

"சுகமில்லாம இல்ல ரிஸ்மி. படுத்துட்டேன்."

"என்ன நானா?"

"படுத்துட்டேன் எண்டு சொல்றேன். நித்திரை கொண்டுட்டேன். அல்ஹம்துலில்லாஹ், நித்திரை கொண்டுட்டேன்!"

சத்தத்தில் கைரியா எழும்பி உட்கார்ந்தாள். மணியைப் பார்த்துவிட்டு, "யா அல்லாஹ், பத்துக்கு எனக்குக் கூட்டம்!" என்று கத்தியபடி ஒற்றைக் காலுறையோடு குளியலறைக்கு ஓடினாள். ஓடிய வேகத்திலேயே திரும்பி வந்து எட்டிப் பார்த்து, "வியர்த்துச்சா?" என்று கேட்டாள்.

"ஒரு சொட்டு இல்ல."

"எனக்கும் குளிரல்ல" என்றாள். அந்த வயதில் ஒரு டொக்டர் அப்படித் துள்ளிக்கொண்டு போவாள் என்று சொன்னால் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

விஷயம் வெளியே பரவாமல் இருக்குமா? கம்பளி மெத்தை வேண்டும் என்று முதலில் கேட்டது நஸ்லியாதான். பலா மரத்தில் மிஞ்சியதெல்லாம் தன் பங்கு என்றாள். பிறகு ஷஹ்மா தன் மாமியாருக்கு ஒரு போர்வை கேட்டாள். வாங்க வந்தவர்களிடம் நளீர் ஒன்றையும் மறைக்கவில்லை. அடிக்கடி கழுவத் தேவையில்லை, வாரத்துக்கொரு தடவை நிழலில் காற்றாட விட்டால் போதும், கொதிதண்ணீர் மட்டும் காட்டிவிடாதீர்கள் என்று சொல்லி, பலகையாகிப்போன அந்த முதல் மூட்டையை எடுத்துச் சாட்சிக்குக் காட்டுவார்.

பாலேந்திரன் அதற்குப் பிறகு கிடங்கு வெட்டவில்லை. அடுத்த முறை கத்தரிப்பு வந்தபோது அவரே தொலைபேசியில் கூப்பிட்டார். "முதலாளி, இந்த முறை நாங்களே கழுவிக் காயவைச்சிருக்கிறம். டொக்டரையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. தவமணி இடியப்பம் அவிக்கப்போறாவாம்." தவமணி அவருடைய மனைவி. கணவருக்குக் கால் உளைச்சல், அவருக்கும் கம்பளியில் ஒன்று வேண்டும் என்பது அவளுடைய ஏற்பாடு.

போனார்கள். பண்ணை வீட்டின் முன்புறத்துப் புல்தரை முழுக்கப் பாயில் வெள்ளை வெளேரென்று கம்பளி விரித்திருந்தது. நால்வரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருக்கையில் மலைக்குப் பின்னாலிருந்து இருட்டிக்கொண்டு வந்தது. முதல் துளி நளீரின் மூக்கில் விழுந்தது.

"மழை! மழை! எடுங்கோ, எடுங்கோ!" என்று பாலேந்திரன் கத்தினார்.

ஓடினார்கள். நளீர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, கை கொள்ளாமல் அள்ளி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாமல் ஓடிப் பாலேந்திரனோடு மோதினார். தவமணி சேலைத் தலைப்பில் வாரி எடுத்தாள். கைரியா பாயையே நாலு மூலையும் பிடித்து மூட்டையாகத் தூக்கிக்கொண்டு, "இந்தப் பக்கம், இந்தப் பக்கம்" என்று கட்டளை போட்டாள். மழை கொட்டத் தொடங்கியபோது கம்பளி முழுவதும் கொட்டிலுக்குள் வந்துவிட்டது. நனைந்தது ஆட்கள்தான்.

இருக்க இடமில்லாமல் அந்தக் கம்பளிக் குவியலின் மேலேயே சரிந்து உட்கார்ந்தார்கள். தகரக் கூரையில் மழை கொட்டு அடித்தது. பாலேந்திரன் பக்கத்துப் பள்ளத்தாக்கில் ஒரு நண்பரும் செம்மறி வளர்ப்பதைப் பற்றி, அவருடைய உரோமமும் வீணாகப் போவதைப் பற்றி விவரமாகச் சொல்லிக்கொண்டு போனார். நளீரிடமிருந்து ஒரு "ம்" கூட வராததைக் கண்டு திரும்பிப் பார்த்தார்.

நளீர் கம்பளிக்குள் பாதி புதைந்து, நனைந்த தலையோடு, ஆழ்ந்த நித்திரையில் கிடந்தார்.

"இதென்ன டொக்டர், பட்டப்பகலில?" என்றார் பாலேந்திரன்.

"விடுங்க ஐயா" என்றாள் கைரியா, நளீருடைய கால் பக்கம் இன்னும் கொஞ்சம் கம்பளியை இழுத்துவிட்டபடி. "மழை விட்டாப் பிறகு எழுப்புவோம்."

தவமணி எல்லோருக்கும் இஞ்சித் தேத்தண்ணி போட, சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் எழுந்து போனாள்.